நாற்பத்தோராவது வரி

விசைப்பலகையில் ‘ஈ’க்கு அடுத்த வீடு ‘ஆர்’.
ஒன்று கோப்பைத் திறக்கும்,
மற்றது இருந்த இடம் தெரியாமல் அழிக்கும்.
நிச்சயமாகவா என்று ஒரு வார்த்தை கேட்காது.
நவம்பர் கடைசி, மணி நாலுகூட ஆகவில்லை,
தோர்ஷாவ்னில் இருட்டிவிட்டது.
சுன்வோவின் விரல்
அரை அங்குலம் வலப்பக்கம் போனது.

திரையில் கோடு பழையபடி மினுங்கிக்கொண்டிருந்தது.
அவள் சொன்ன கெட்ட வார்த்தையை
நான் மொழிபெயர்க்கப் போவதில்லை.

எல்லாம் எய்ஃபின்னூர் எழுதியவை.
பதினோரு வருடமாக
ஃபெர்ரி கம்பெனியின் சர்வரில்
ஒவ்வொன்றாகச் சேர்த்த வரிகள்.
வரிக்கு ஐந்து அங்கம், பஞ்சாங்கம் மாதிரி:
நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை.
நட்சத்திரமும் உண்டு.
ஆனால் இங்கே நட்சத்திரம் என்றால்
எதுவானாலும் சரி என்று அர்த்தம்.
ராகு காலம் பார்க்காது.
புயலடித்துப் படகே போகாத நாளிலும்
ஐந்து இருபதுக்குப் படகு நேரம் அனுப்பும்.

கோப்புக்கு நகல் எடுக்கவும்
ஒரு வரி வைத்திருந்தார்.
எனக்கு நன்றாக ஞாபகம்,
அதன் முன்னால் ஒரு # போட்டுத்
தூங்கவைத்திருந்தார்.
‘வட்டு நிறைந்துவிட்டது, பிறகு பார்க்கலாம்.’

இரவெல்லாம் பதிவேட்டைத் தோண்டினோம்.
எந்த வரி எப்போது ஓடியது என்று
இயந்திரம் குறித்துவைத்திருந்தது,
ஐந்து வாரத்துக்கு மட்டும்.
அதற்கு முந்தையதை அதுவே தின்றுவிடும்.
டீசல் தொட்டியின் அளவு கிடைத்தது.
ஞாயிறு அறிக்கை கிடைத்தது.
மாதம் ஒருமுறை சம்பளக் கணக்குக்குப் போகும் வரி
முதல் தேதி புண்ணியத்தில் தப்பியது.
சுன்வோ வாசிக்க நான் தட்டினேன்.
விடியும்போது நாற்பது.

எய்ஃபின்னூர் அப்போது
கிரீன்லாந்துப் பக்கம் ஒரு இறால் கப்பலில்.
எத்தனை வரி, என்னென்ன என்று கேட்டிருந்தோம்.
மூன்று நாள் கழித்து வந்த பதிலில் இருந்தது
ஒரே ஒரு எண்:
41.

மறுபடி கேட்டோம். கப்பல் எல்லை தாண்டியிருக்க வேண்டும்.

டிசம்பரில் ஒன்றும் குறையவில்லை.
ஜனவரி, ஒன்றும் இல்லை.
மார்ச்சில் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள்,
ஒரு மணிநேரம் காணாமல் போனது,
அதைக்கூட யாரும் தேடவில்லை.
சுன்வோ சொன்னாள், தப்பாக எண்ணியிருப்பார்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.
அவர் காலி வரியைக்கூட எண்ணுகிறவர் இல்லை.

ஜூன் பதினொன்று.
வெளியே இரவு வரவே இல்லை.
வானத்தில் இல்லாத நட்சத்திரமெல்லாம்
கோப்பில்தான் இருந்தன.
காலை ஆறே காலுக்குத் தொலைபேசி.
ஸ்கோபுன் துறையிலிருந்து,
பயணச்சீட்டு கொடுக்கும் மார்யுன்.

‘பலகை கெட்டுவிட்டதா?’
‘படகு நேரம் தெரியவில்லையா?’
‘அது தெரிகிறது.’
காற்று ரிசீவருக்குள் புகுந்து இரைந்தது.
‘இன்றைக்கு ஆறு மணிக்குக்
கீழே இன்னொரு வரி வரும். வருடா வருடம்.’
‘என்ன எழுதியிருக்கும்?’
அவள் யாருக்கோ மீதிச் சில்லறை கொடுப்பது கேட்டது.
‘ஒன்றுமில்லை. ஒரு நிமிடம்தான் நிற்கும்.
யார் போடுவதென்று நான் கேட்டதில்லை.’
வைத்துவிட்டாள்.

சுன்வோ தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.
டீசல் அளவு பற்றி என்றேன்.

கோப்பைத் திறந்தேன்.
‘ஈ’. விரலை இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.
பூஜ்யம், ஆறு, பதினொன்று, ஆறு, நட்சத்திரம்.
கட்டளை வரவேண்டிய இடத்தில்
என்ன போடுவதென்று தெரியவில்லை.
கப்பலுக்குச் செய்தி எழுதி
அனுப்பாமல் வைத்தேன்.
இது அவரும் அவளும்கூடப்
பேசிக்கொள்ளாத விஷயமாக இருந்தால்?

முன்னால் ஒரு # போட்டேன்.
இன்னும் முந்நூற்று அறுபத்து நாலு நாள் இருக்கிறது.
கடைசி வரி முடிந்தபின்
ஒருமுறை எண்டர் தட்ட வேண்டும்,
இல்லையென்றால் இயந்திரம் அதை ஏற்காது.
தட்டினேன்.